நிறுத்தி வைத்த பால்

குரங்கு என்னைக் கடித்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். பிரசவ விடுமுறை முடிந்து நான் ஹல்துமுல்லைக்குத் திரும்பி மூன்றாவது வாரம் அது.

கண்டியில் உள்ள ஓர் ஆய்வுகூடத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டம் முடியும் இடத்தில் கொஞ்சம் காடு. அந்தக் காட்டில் வாழ்ந்த ஒரு குரங்குக் கூட்டத்தைத் தினமும் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதுதான் என் வேலை. சிங்களத்தில் அவற்றை ரிலவா என்பார்கள். செம்பழுப்பு உடம்பு, நடு உச்சியிலிருந்து வட்டமாக விரிந்து நிற்கும் முடி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவர்கள் காய்க்காக வைத்த போஞ்சிக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். "அதுங்களுக்குப் பின்னாடி போயி எழுதுறதுக்கு ஒரு படிப்பா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். நானும் பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரும் இதையேதான் கேட்டிருப்பார்.

அந்தக் குரங்குகளின் உடம்பில் ஒரு ரெட்ரோவைரஸ் இருந்தது. அந்த வகை வைரஸ் உள்ளே நுழைந்தால் தன் செய்தியை உயிரணுவின் மரபுச் செய்திக்குள்ளேயே எழுதிவிடும். அதன்பிறகு அதை வெளியே எடுக்க முடியாது. உடம்பு உள்ளவரை அதுவும் கூடவே இருக்கும். எய்ட்ஸைத் தருவதும் இந்த வகைதான். ஆனால் எங்கள் குரங்குகளில் இருந்தது அதுவல்ல, நுரை வைரஸ் என்ற வேறொன்று. குரங்குகளை அது நோயில் தள்ளுவதாகத் தெரியவில்லை. நாங்கள் பார்த்த பெரிய குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இருந்தது, பிறந்த குட்டிகளுக்கு இல்லை. அப்படியென்றால் குட்டிக்கு எப்போது, யாரிடமிருந்து வருகிறது? வயிற்றுக்குள்ளேயா, பாலிலா, தாய் நக்கும்போது எச்சிலிலா, இல்லை கொஞ்சம் வளர்ந்தபின் மற்றவற்றோடு கடித்து விளையாடும்போதா? அந்தக் கேள்விக்காகத்தான் நான் மலை மலையாக நடந்துகொண்டிருந்தேன்.

தோட்டத்தில் முன்பு கிளார்க் ஒருவர் இருந்த குவாட்டர்ஸை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரண்டு அறையும் ஒரு குசினியும். நான் வேலைக்குத் திரும்பியபோது பதுளையிலிருந்து மாமி, என் கணவரின் அம்மா, கூட வந்தார். என் கணவர் கட்டாரில் இருந்தார். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது போனவர் மகளை அதுவரை போன் திரையில்தான் பார்த்திருந்தார். காலையில் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் புறப்படுவேன், பத்து மணிக்கு ஒரு தடவை ஓடி வருவேன், மத்தியானம் ஒரு தடவை. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடையில் பிள்ளை மடுவத்துக்கு ஓடிவந்து, அங்கே விட்டுப் போன பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புவார்கள். அதையேதான் நானும் செய்தேன். பாதையில் அவர்களைக் கண்டால் சிரித்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே ஓட்டம்.

கடி விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலை.

கூட்டத்தில் ஒரு பெண் குரங்கு, இடது காது கிழிந்தது. அதற்கு ஏறக்குறைய நான்கு மாதக் குட்டி. தாயின் ரத்தத்தில் வைரஸ் இருப்பது முன்பே தெரியும். குட்டியிடமிருந்து எடுக்கவேண்டிய இரண்டாவது மாதிரிக்கான நாள் அது. கூண்டில் பழம் வைத்து இரண்டையும் பிடித்தோம். கண்டியிலிருந்து வந்திருந்த மிருக வைத்தியர்தான் இந்த ஆய்வுக்குத் தலைவி. நாங்கள் அவரை டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தாய்க்கு மயக்க ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். பிறகு என் கையிலிருந்த குட்டியின் தொடையிலிருந்து ஒரு சொட்டு.

குட்டி கத்தத் தொடங்கியது. குரங்குக் குட்டியின் அழுகையை ஆயிரம் தடவை கேட்டவள் நான். ஆனால் பிள்ளை பெற்றபின் இவ்வளவு கிட்டத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் பால் இறங்கிவிட்டது. சட்டை நனைந்தது. உடம்புக்கு எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை.

செய்யவேண்டிய முறை எனக்குத் தெரியும். குட்டியைத் துணிப்பையில் போட்டுக் கூண்டுக்குள் வைத்து, கதவை மூடி, தாய் முழுதாகத் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். டொக்டர் ஜீப்பில் ஐஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். தாய் இன்னும் கண் மூடித்தான் கிடந்தது. நெஞ்சோடு வைத்துவிட்டால் குட்டி அடங்கிவிடும் என்று நினைத்து, பையில் போடாமல் கையாலேயே கொண்டுபோய்த் தாயின் மார்பில் வைத்தேன். தாய் கண் திறந்தது எனக்குத் தெரியாது. மணிக்கட்டுக்கு மேலே, கையுறை முடிகிற இடத்தில் பல் இறங்கிவிட்டது.

வலி பிறகுதான் வந்தது. அந்த நொடியில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. தன் பிள்ளையைத் தொட்ட கையைத்தான் அது கடித்தது.

பீலியில் விழுந்த தண்ணீரில் கையை நீட்டி, சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். டொக்டர் பக்கத்தில் நின்று போனில் நேரம் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியை எனக்கும் போட்டார்கள். அந்த ஊசியால் பால் கொடுப்பதற்குத் தடை இல்லை என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். மற்ற வைரஸைப் பற்றிக் கேட்டதும், "அத உங்க ஆளுங்ககிட்டத்தான் கேக்கணும்" என்றார். அதில் தப்பில்லை. அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்றார்.

திரும்பும் வழியில் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு எங்கள் டொக்டர் பேசினார். சிங்களத்தில்தான் பேசினார், நான் நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

"குரங்கு கடித்துச் சில மனிதருக்கு இந்த வைரஸ் முன்பு வந்திருக்கிறது. வந்தவர்களுக்கு நோய் என்று எதுவும் வந்ததாகத் தெரியாது. அவர்களிடமிருந்து இன்னொருவருக்குப் போனதாகவும் தெரியாது."

"பால்?"

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குரங்குகளிலேயே பாலில் எவ்வளவு போகிறது என்று தெரியாமல்தானே நாம் இந்த வேலையைச் செய்கிறோம். மனிதரில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஆபத்து மிகக் குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லவே இல்லை என்று சொல்ல என்னால் முடியாது."

"நீங்களாக இருந்தால்?"

"எனக்குப் பிள்ளை இல்லை," என்றார். பிறகு, "மூன்று மாதம் கழித்து உன் ரத்தத்தைப் பார்ப்போம். உடம்பு அதற்கு எதிராக எதையாவது உண்டாக்கியிருந்தால் அதற்குள் தெரியும். அதுவரை என்ன செய்வது என்பது உன் முடிவு. எதைச் செய்தாலும் நான் தப்பென்று சொல்லமாட்டேன்."

தப்பென்று யாராவது சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது மகள் விழித்திருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு காலையும் உதைத்தாள். பன்னிரண்டு மணிப் பால் தவறிப்போயிருந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்த்து மாமி எழுந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டொக்டர் சொன்ன அதே அளவில், கூட்டாமல் குறைக்காமல். மாமி படித்தவர் இல்லை, ஆனால் கேட்கத் தெரிந்தவர்.

"அப்ப இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லலயா?"

"ஆமா மாமி."

"வந்தா போகாதா?"

"போகாது."

மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் குசினிக்குமாக நடந்தார். அவள் வாயைத் திறந்து என் பக்கமாகவே திரும்பித் திரும்பி அழுதாள். கடைசியில் மாமி, "நீ தாய். நீதான் சொல்லணும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். மாமி கீழே கடைக்குப் போய்ப் பால்மாவும் ஒரு பால் போத்தலும் வாங்கிவந்தார். அன்று சாயந்தரம் வரை மகள் போத்தலை நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் அறைக்குள் இருந்தால் குடிக்கவே மாட்டாள் என்று தெரிந்ததும் வெளியே போய்க் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே அழுகை நின்றபோது, குடிக்கிறாள் என்று தெரிந்தது. அதற்காகத்தானே வெளியே நின்றேன்? இருந்தும் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமி சொன்னார், "இங்க இருந்தா ரெண்டு பேரும் செத்துப்போவீங்க. ஒன் வாசனை தெரிஞ்சா அது போத்தல எடுக்காது. நான் பதுளைக்குக் கொண்டு போறேன். ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போ."

நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். லீவு கேட்டால் டொக்டர் கொடுத்திருப்பார். ஆனால் பதுளைக்குப் போனாலும் அதே வாசனைதான், அதே அழுகைதான். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கிழிந்த காதுக் குரங்கின் குட்டிக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. மற்றக் குட்டிகளைவிட அதைப் பற்றி.

கொழும்பிலிருந்து வந்த பதுளை பஸ்ஸில் மாமி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றுவிட்டுக் குவாட்டர்ஸுக்கு வந்தேன். கொடியில் அவளுடைய மூன்று சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எடுத்து மடித்து வைத்தேன். அதன்பிறகு அந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு கணவர் கூப்பிட்டார். மாமி ஏற்கனவே சொல்லியிருந்தார்.

"வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போ," என்றார்.

"மூணு மாசந்தான். ரிப்போர்ட் வந்தப்புறம் பாப்போம்."

"ஒனக்குக் கொரங்கா, புள்ளையா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கிறவருக்குப் பயம்தான் கோபமாக வரும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பல வாரங்களுக்கு எங்கள் பேச்சில் சாப்பாடும் மழையும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

பாலை வற்ற விடுவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் மகளுக்குத் திரும்பக் கொடுக்கலாம். அதுவரை நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி, அவள் குடிக்கிற நேரங்களில் எல்லாம் கையால் பீய்ச்சி எடுப்பது. விடியற்காலை, பத்து மணி, மத்தியானம், சாயந்தரம், படுக்குமுன். காட்டில் இருந்தால் ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கோப்பையில் எடுப்பேன். பிறகு அதை மண்ணில் ஊற்ற வேண்டும். முதல் வாரம் ஊற்றும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று ஒரு நாள் மட்டும் அழுதேன்.

குவாட்டர்ஸுக்குக் கீழே லயத்தில் ஒரு பெண் இருந்தாள். கொழுந்து பறிப்பவள், அவளுக்கும் என் மகளைவிடச் சற்று மூத்த ஒரு கைப்பிள்ளை. பாதையில் சிரித்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி. பத்து மணி ஓட்டத்தில் என்னைக் காணாததால் ஒரு சாயந்தரம் மேலே ஏறி வந்தாள். கேட்டாள், சொன்னேன். அடுத்த நாள் ஒரு வாழையிலையில் மல்லிகைப் பூ கட்டிக்கொண்டு வந்தாள்.

"நெஞ்சுல வச்சுக் கட்டுங்க அக்கா. ரெண்டு நாள்ல பாலு வத்திரும், வலி இருக்காது. கோயிலு செடிதான், ஆனா சாமிக்கு வச்சதில்ல. நேரா பறிச்சது." நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், என்பதால் அதைச் சொன்னாள்.

"வத்த வேண்டாம்னுதான் பாக்குறேன்."

"புள்ள இல்லாம எத்தன நாளைக்கு?"

"மூணு மாசம்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசம் யாருக்காவது பாலு நின்னிருக்கா?"

"தெரியல."

"நின்னாலும் புள்ள மறந்துரும் அக்கா," என்றாள். வன்மமே இல்லாமல், மழை வரும் என்பதைப் போலச் சொன்னாள். பூவை எடுத்துப்போகவும் இல்லை. நான் அதைத் தண்ணீரில் போட்டு மேசையில் வைத்தேன்.

அதன்பிறகு அவள் அடிக்கடி வரவில்லை. எனக்கு அது புரிந்தது. அவளுக்கு வீடு, பிள்ளை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு, மலை. லயத்தில் வேறு ஒரு பேச்சும் நடந்தது: குரங்கு கடித்தவளுக்கு ஏதோ வந்திருக்கிறதாம், புருசன் வீட்டார் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களாம். பாதையில் பெண்கள் முன்போலவே சிரித்தார்கள். பிள்ளை வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார்கள். விளக்கிச் சொல்லலாம் என்று ஒன்றிரண்டு தடவை வாய் எடுத்தேன். எதைச் சொல்வது? எனக்கே தெரியாத ஒன்றை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்குப் போனேன். மாமியின் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால். போகிற வழியெல்லாம் தடித்த ஜாக்கெட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பேன், பால் வாசனை வெளியே வரக்கூடாது என்று. முதல் ஞாயிறு மகள் என் நெஞ்சில் முகத்தை முட்டி முட்டித் தேடினாள். மாமி வந்து வாங்கிக்கொண்டார். இரண்டாவது ஞாயிறும் தேடினாள். நான்காவதோ ஐந்தாவதோ, என் மடியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுப் பொத்தானைப் பிடித்து விளையாடினாள். தேடவில்லை. மாமி நிம்மதியாக, "பாத்தியா, பழகிருச்சு" என்றார். நானும் ஆமா என்றேன்.

மற்ற நாட்களில் வீடியோ கோல்தான். மாமி போனைப் பிடிப்பார். திரையில் நானும் கணவரும் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில். அவர் பாலைவனத்தில், நான் மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில். மகளுக்கு இரண்டு சதுரமும் ஒன்றுதான். குப்புற விழுந்ததையும் முதல் பல் வந்ததையும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அப்படித்தான் பார்த்தோம். பல்லைப் பார்த்தபோது அவர், "கடிக்குமா?" என்று கேட்டார். கேட்டபிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். கடிக்குமாம், மாமியின் விரலைக் கடித்ததாம்.

காட்டில் கிழிந்த காதையும் குட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடித்த கையின் ஆளை அது நினைவில் வைத்திருந்ததா என்று தெரியாது. முன்பைவிடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது, அவ்வளவுதான். குட்டி இப்போது தாயை விட்டு இறங்கி நாலைந்து கொப்பு தள்ளிப் போய் வரும். பயந்தால் ஓடிவந்து காம்பை வாயில் வைத்துக்கொள்ளும், பாலுக்காக இல்லை, பிடித்துக்கொள்வதற்காக. தாய் அதன் தலையைப் பிரித்துப் பேன் பார்க்கும், முகத்தை நக்கும். நான் மணியையும் நிமிடத்தையும் எழுதுவேன்: காம்பில் இவ்வளவு நேரம், நக்கியது இத்தனை தடவை, வேறு பெண் குரங்கு தூக்கியது, இன்னொரு குட்டியோடு கடித்து விளையாடியது. இவற்றில் ஏதோ ஒரு நொடியில் வைரஸ் போகும், அல்லது ஏற்கனவே போய்விட்டது. பார்த்துக்கொண்டே இருந்தாலும் பார்க்க முடியாது. தாய்க்கும் தெரியாது. தெரிந்தால் என்ன செய்திருக்கும்? குட்டியைத் தள்ளிவிட்டிருக்குமா? அதற்கு முடிவெடுக்க வேண்டிய தேவை இல்லை என்பதைச் சில நாட்கள் பொறாமையோடு பார்த்தேன்.

குட்டியின் முதல் மாதிரியில் அந்த வைரஸுக்கான எதிர்ப்புச் சக்தி தெரிந்திருந்தது. அதைப் பார்த்து வைரஸ் வந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். அது கடனாக வந்தது, மாதங்கள் போகப் போகக் கரைந்துவிடும். கரைந்தபின் குட்டியின் உடம்பு தானாக எதையாவது உண்டாக்கினால்தான் அதற்கு வைரஸ் வந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது மாதிரியில், நான் கடி வாங்கிய அன்று எடுத்ததில், அளவு பாதியாகக் குறைந்திருந்தது என்று டொக்டர் சொன்னார். அப்போது கரைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மாதம் முடிவில் என் பால் நன்றாகக் குறைந்துவிட்டது. கோப்பையின் அடியைத்தான் நனைக்கும். ஆனாலும் நேரம் தவறாமல் எடுத்தேன். காய்ச்சலில் படுத்த இரண்டு நாட்களிலும் எடுத்தேன். யாரும் கேட்காத ஒரு வேலையை யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு ஒழுங்காக நான் வேறெப்போதும் செய்ததில்லை.

மூன்றாம் மாதம் டொக்டர் என் ரத்தத்தை எடுத்துப் போனார். பத்து நாள் கழித்துக் காட்டில் இருக்கும்போது போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்ததால் மேட்டுக்கு ஓடி ஏறிக் கூப்பிட்டேன்.

"இல்லை," என்றார். "உன் உடம்பில் அதற்கான தடயம் எதுவும் இல்லை. இன்னொரு மூன்று மாதத்தில் ஒரு தடவை பார்ப்போம், அது முறைக்காகத்தான். நீ பால் கொடுக்கலாம்."

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அவர், "பாலை நிற்கவிடாமல் வைத்திருந்தாயா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அதுவரை அதைப்பற்றி அவர் கேட்டதே இல்லை.

அன்றே பதுளைக்குப் போனேன். மாமிக்குச் சொல்லவில்லை, நேரே சொல்லலாம் என்று போனேன். கேட்டதும் மாமி மகளை என் மடியில் வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். ஜாக்கெட்டைக் கழற்றினேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். நெஞ்சோடு சேர்த்தேன். என்ன விளையாட்டு என்று தெரியாதவள் போலக் கையால் தட்டினாள். இன்னொரு தடவை சேர்த்தபோது முகத்தைத் திருப்பினாள். இரண்டு சொட்டுப் பீய்ச்சி உதட்டில் தடவினேன். நாக்கால் தொட்டுவிட்டு முகம் சுளித்தாள். அந்த மத்தியானம் முழுக்க, தூங்க வைத்து, தூக்கத்தில் முயன்று, எழுந்ததும் முயன்று. கடைசியில் அவள் அழத் தொடங்கினாள். பசி அழுகை. நான் கையில் இருக்கும்போதே பசித்து அழுதாள்.

மாமி கதவைக் கொஞ்சமாகத் திறந்து போத்தலை நீட்டினார். உள்ளே வரவில்லை. "குடு," என்றார். "நீ குடு."

அதுவரை நான் அவளுக்குப் போத்தலில் கொடுத்ததே இல்லை. அவள் இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டு, குடிக்கும் நேரம் முழுவதும் என் கண்ணையே பார்த்தாள். முன்பு பால் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இது வேறு பழக்கம். எனக்குத் தெரியாமல் வந்த பழக்கம். மாமிக்குத் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒரு வாரம் முயன்றேன். பிறகு பீய்ச்சுவதை நிறுத்தினேன். வற்றுவதற்கு மூன்று நாள்கூட எடுக்கவில்லை.

குட்டியின் மூன்றாவது, நான்காவது மாதிரிகளும் பிறகு எடுத்தோம். நான்தான் குட்டியைப் பிடித்தேன், பையில் போட்டேன், கதவை மூடினேன். மூன்றாவதில் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான்காவதில் திடீரென்று உயர்ந்திருந்தது. வைரஸ் வந்துவிட்டது. தாயிடம் இருந்த அதே வகை. ஆனால் அதே வகை கூட்டத்தில் இன்னும் இரண்டு பெண் குரங்குகளிடமும் இருந்தது, அவையும் குட்டியைத் தூக்கியிருந்தன, நக்கியிருந்தன. பாலா, எச்சிலா, தாயா, வேறொருவரா என்று இந்த ஒரு குட்டியை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாகப் பார்த்தபோது லயத்துத் தோட்டத்தில் ஒரு கோவாவை, முழு முட்டைக்கோசை, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்னங்காலில் ஓடியது.

அந்த வருட முடிவில் காட்டு வேலை நின்றது. நான் பதுளைக்கு வந்து ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கச் சேர்ந்தேன். அடுத்த வருடம் கணவர் திரும்பி வந்தார். மகளுக்கு இப்போது நான்கு வயது. என்னோடு நன்றாகப் பேசுவாள், பாலர் பாடசாலைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். விழுந்து முழங்கால் உடைந்தால் மாமியிடம்தான் ஓடுவாள். இரவில் மாமியின் அறையில்தான் தூங்குவாள். எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒருவரிடம் ஓடத்தான் செய்யும், அதில் கணக்குப் பார்க்க நான் விரும்பவில்லை. ஆனால் அவள் ஓடும்போது நான் எழுந்து நிற்பதும், பிறகு உட்காருவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் கிளினிக்குக்குப் போனோம். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில், நான்கு மாதம். மிட்வைஃப் இளம் பெண், புதிதாக வந்தவர். அட்டையை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"மொத புள்ளைக்கு எத்தன மாசம் தாய்ப்பால் குடுத்தீங்க?"

"அஞ்சு."

"அதுக்கப்புறம் ஏன் நிப்பாட்டுனீங்க? பாலு இல்லயா?"

பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் தரையைப் பார்த்தார். பாலு இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் குரங்கிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வாங்கில் நிறையப் பேர் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"வேலைக்குப் போனேன் மிஸ்," என்றேன்.

அவர் எழுதினார். "இந்தத் தடவ ரெண்டு வருசத்துக்குக் குடுங்க, சரியா? வேல எங்கயும் ஓடிறாது."

"சரிங்க மிஸ்," என்றேன்.